கையால் பிடிக்கும் பிரேக்கும் 61 மார்க்கும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா மகள் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்து கூப்பிட்டாள். எப்போதும் அப்புச்சிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது, மழை பெய்ததா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சுக்கு வருவாள். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "ஏனுங் மாமா, உங்க கார்ல ஒரு டப்பா மாட்டுனாங்களே, அதை எப்படிங்க கழட்டுனீங்க?" என்றாள்.

அவளுக்குப் பிறவியிலேயே இரண்டு காலிலும் பலம் குறைவு. வயது 24. அங்கே மோட்டபிலிட்டி என்று ஒரு திட்டம் 1977இல் இருந்து நடக்கிறது. நடமாட முடியாதவர்களுக்கு அரசு தருகிற உதவித்தொகையில் போக்குவரத்துக்கான பங்கை அந்தத் திட்டத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் பொதுவாக மூன்று வருஷக் குத்தகைக்குப் புதுக் கார் வரும். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், வழியில் நின்றுபோனால் ஆள் அனுப்புவது எல்லாம் அதிலேயே அடக்கம். 8 லட்சம் பேருக்கு மேல் அப்படித்தான் கார் வைத்திருக்கிறார்கள். இப்போது 30 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஓட்டும் புதுக் குத்தகைக் கார்களில் ஓட்டுவதைக் கண்காணிக்கும் கருவி, என் காரில் மாட்டிய டப்பா மாதிரி ஒன்று, கட்டாயம் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். வேகம், பிரேக், ஆக்சிலரேட்டர், திருப்பம் என்று எல்லாவற்றையும் பார்த்து அது மார்க் போடும். மார்க் தொடர்ந்து மோசமாக இருந்தால் அந்தக் காரை ஓட்டுவதற்கே சிக்கல். அவளுடைய பழைய குத்தகை முடியப்போகிறது.

இதை டீக்கடையில் பங்காளி ஒருவரிடம் சொன்னபோது அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஓசியில கார் குடுக்கறவன் கணக்குக் கேக்கத்தானப்பா செய்வான்."

ஓசி இல்லை. அந்த உதவித்தொகை அவள் கைக்கு வரவேண்டிய காசு. அதை விட்டுக்கொடுத்துத்தான் கார் வருகிறது, விட்டுக்கொடுக்காதவர்கள் அந்தக் காசில் டாக்ஸி பிடித்துக்கொள்ளலாம். நம் ஊரில் பெண்கள் டவுன் பஸ்ஸில் ஏறினாலும் இதே வார்த்தைதான், சைடு வீல் வைத்த ஸ்கூட்டரை அரசு கொடுத்தாலும் இதே வார்த்தைதான். அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. வடை ஆறிக்கொண்டிருந்தது.

சரி, என் டப்பா கதைக்கு வருகிறேன்.

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்து வலது கால் போனது. 12 வருஷமாகக் கை கண்ட்ரோல் வைத்த ஆட்டோமேடிக் கார்தான். ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு லிவர் இருக்கும். முன்னால் தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலரேட்டர். அந்த லிவரில் இருந்து ஒரு கம்பி கீழே பெடலுக்குப் போகும். பார்க்க ஏதோ சைக்கிள் கடையில் பற்றவைத்த சாமான் மாதிரி இருக்கும், ஆனால் என்னைச் சென்னிமலையும் பழனியும் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். (என் பழைய லைசென்ஸில் இருந்த பெயர் 'இன்வாலிட் கேரேஜ்'. 'செல்லாத வண்டி'யா என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அதை 'அடாப்டட் வெஹிகிள்' என்று மாற்றினார்கள்.)

2022 ஜூலையில் இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு அனுமதி கொடுத்தது. எவ்வளவு தூரம் ஓட்டுகிறாய், எப்படி ஓட்டுகிறாய் என்று பார்த்து அதற்கேற்ப பிரீமியம் போடும் பாலிசிகளைக் கம்பெனிகள் விற்கலாம் என்று. அடுத்த வருஷம் ரினியூவலுக்குப் போனபோது ஒரு கம்பெனி அதைத் தலையில் கட்டியது. கட்டியது என்று சொல்லக்கூடாது, தள்ளுபடி என்றதும் நானேதான் தலையைக் கொடுத்தேன். ஓட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, நூற்றுக்குத் தொண்ணூறாவது வரும் என்று நினைத்தேன்.

அதற்கான டப்பாவை மாட்ட வந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கதவைத் திறந்து குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். டப்பாவைச் சொருகும் சாக்கெட் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிறது. என் லிவர் கம்பி இறங்குவதும் அதே இடத்தில்தான். டப்பாவைச் சொருகினால் அது நீட்டிக்கொண்டு நிற்கிறது, லிவரை முழுசாகத் தள்ளினால் கம்பி டப்பாவில் போய் இடிக்கிறது. பத்திரமாக ஓட்டுகிறேனா என்று பார்க்க வந்த சாமான் என் பிரேக்குக்கே கட்டையைக் கொடுக்கிறது. "என்னண்ணா பண்றது?" என்று என்னைக் கேட்கிறான். அவன் மேல் தப்பில்லை, யாரும் அவனுக்கு இப்படி ஒரு வண்டியைக் காட்டியதில்லை. கடைசியில் ஒரு ஒயர் வாங்கி வரச்சொல்லி, டப்பாவை அந்தப்பக்கமாக இழுத்து டேப் போட்டு ஒட்டினோம்.

அப்புறம் மார்க் வர ஆரம்பித்தது. முதல் வாரம் 68. அடுத்தது 64.

அந்த டப்பாவுக்குள் இருப்பது ஜி.பி.எஸ்.ஸும், வண்டி எவ்வளவு சட்டென்று குறைகிறது, எவ்வளவு சட்டென்று திரும்புகிறது என்று அளக்கும் ஒரு சென்சாரும்தான். பிரேக்கை மிதித்தது காலா கையா என்று அதற்குத் தெரியாது. காலால் ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு கணம் ஆகும், அந்தக் கணத்தில் வண்டி தானாகவே கொஞ்சம் வேகம் குறையும். எனக்கு இழுப்பதும் தள்ளுவதும் ஒரே லிவர். இழுத்துப் பிடித்திருந்த கையைத் திருப்பித் தள்ளினால் அடுத்த நொடியே பிரேக். என்னைக் கேட்டால் இது காலை விட வேகமான பிரேக். டப்பாவைக் கேட்டால் 'கடுமையான பிரேக்', ஒரு மார்க் குறை.

தைப்பூசம் வந்தது. காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனிக்குப் போகிற ரோட்டில் அந்த நாட்களில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். ராத்திரி முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம், பச்சைத் துண்டும் காவடியுமாக, பாதிப்பேர் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே நடப்பார்கள். அன்னதானப் பந்தலில் இருந்து ஒரு குழந்தை டம்ளரோடு குறுக்கே ஓடியது. லிவரைத் தள்ளினேன், வண்டி நின்றது, குழந்தை பந்தலுக்கே திரும்பி ஓடியது, கை நடுங்கி ஐந்து நிமிஷம் ஓரமாக நிறுத்தியிருந்தேன். அந்த வாரம் 61.

கம்பெனிக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் பேசிய பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள். "சார், சிஸ்டம்ல மாத்த முடியாதுங்க." என் வண்டியில் கை கண்ட்ரோல் இருப்பதாக எங்காவது குறித்துக்கொள்ள முடியுமா என்றேன். அதற்குக் கட்டம் இல்லையாம்.

கண்காணிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. திருச்செங்கோட்டில் என் நண்பர் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார், அவர் வண்டி மத்தியப் பிரதேசத்தில் போர் போட்டுக்கொண்டிருக்கும், இவர் இங்கே வாசல் திண்ணையில் போனில் அது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். "ஏப்பா, அரைமணி நேரமா ஒரே இடத்துல நிக்குதே?" என்று கேட்பார். டிரைவர், "டயர் மாத்தறோங்ணா" என்பார். அவ்வளவுதான், முடிந்தது. அங்கே சொல்ல வாயும் கேட்கக் காதும் இருக்கிறது. அக்கா மகள் பயப்படுவது அது இல்லாத இடத்தை நினைத்துத்தான்.

இன்னொன்று. அந்த ஊரில் சாதாரண இளவட்டங்களும் இன்சூரன்ஸ் குறைய இப்படி டப்பா மாட்டுகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் காசு கூடக் கொடுத்து வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். இவளுக்குக் காரும் இன்சூரன்ஸும் ஒரே பொட்டலம், பிரித்து எடுக்க முடியாது. நான் நாலு மாதத்தில் தள்ளுபடியும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் அப்படி எழுதிக் கொடுத்தால் பஸ் ஸ்டாப்பில் நிற்கவேண்டும், இந்தக் குளிரில்.

டப்பாவைக் கழட்டவும் அதே தம்பிதான் வந்தான். டீ கொடுத்துவிட்டு, "தம்பி, ஒரு தரம் நீ ஓட்டிப் பாரேன்" என்றேன். களத்தில் நெல் எதுவும் காயவில்லை, காலியாகத்தான் கிடந்தது. சீட்டில் உட்கார்ந்தான், லிவரை இழுத்தான், வண்டி துள்ளியது, பயந்துபோய்த் தள்ளினான், இரண்டு பேர் தலையும் முன்னால் போய் வந்தது. இரண்டாவது தரம் இன்னும் மோசம். மூன்றாவது தரம் அம்மா திண்ணையில் இருந்து எழுந்து வந்துவிட்டார். தம்பி இறங்கி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அண்ணா, இதுல உங்களுக்கு 61 போட்டதே ஜாஸ்திங்க."

இதைச் சொன்னதும் அக்கா மகள் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "மாமா, அந்த அண்ணனுக்கு பாஸ்போர்ட் இருக்குதுங்களா?" என்றாள்.