நைல் விலக விலக வளர்ந்த கெய்ரோ

கெய்ரோவின் வரலாற்றை ஆட்சியாளர்களின் வரிசையாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். எந்தக் காலத்தில் நைல் எங்கே ஓடியது என்று கவனித்துக்கொண்டே படித்தால் ஊர் விளங்கிவிடும்.

கி.பி. 641இல் தளபதி அம்ரின் அரபுப் படை இங்கிருந்த பாபிலோன் என்ற ரோமானியக் கோட்டையைப் பிடித்தபோது ஆறு அதன் மதிலை ஒட்டி ஓடியது. அதற்கு வடக்கே படை பாளையம் போட்ட இடம்தான் ஃபுஸ்தாத். பிறகு அப்பாஸிய அரச வம்சத்தின் அல்-அஸ்கர், 870இல் ஆளுநர் இப்னு தூலூனின் அல்-கத்தாய், 969இல் ஃபாத்திமிய வம்சத்தின் அல்-காஹிரா (கெய்ரோ என்ற பெயரே இதிலிருந்துதான்) எனப் புது ஊர்கள் வடக்கே வடக்கே போயின. கிழக்கே முகத்தம் குன்று, மேற்கே வெள்ளம். வேறு எங்கே போவது? 905இல் அல்-கத்தாயை இடித்தார்கள். பெரிய பள்ளிவாசல் மட்டும் தப்பியது. 1168இல் சிலுவைப்போர்ப் படைக்குப் பயந்து ஃபுஸ்தாத்துக்கு ஃபாத்திமிய அமைச்சர் ஷாவரே தீ வைத்தார்.

ஊரின் பிழைப்பு ரோதா தீவில் 861இல் கட்டிய நீரளவுக் கிணற்றில் இருந்தது. மூன்று சுரங்க வழிகளால் ஆற்று நீர் உள்ளே வரும்; நடுவே எண்பட்டைத் தூணில் முழக்கோடுகள். ஒரு முழம் சுமார் 54 செ.மீ. நீர் 16 முழம் தொட்டால் கால்வாய்க் கரையை வெட்டிவிடுவார்கள், நிலவரியும் விதிக்கலாம். தொடாவிட்டால் பஞ்சம். இதில் ஒரு சிக்கல்: வண்டல் படியப் படிய ஆற்றுப் படுகையும் வயலும் உயர்ந்தன. முன்பு போதுமாயிருந்த 16 பிற்காலத்தில் போதவில்லை. ஆனாலும் வரிக் கணக்கு பழைய கோட்டிலேயே நின்றது. வரி அவசரத்தில், நீர் எட்டும் முன்பே எட்டியதாக அறிவித்ததும் உண்டு. அரசாங்கம் எங்கேயும் அரசாங்கம்தான்!

இதற்கிடையே ஆறு மேற்கே நகர்ந்தது. அல்-மக்ஸ் துறைமுகம் இருந்த இடத்தின் பக்கம் இன்று ராம்சேஸ் ரயில் நிலையம். புதிதாக எழுந்த மணல்திட்டில் பூலாக் துறைமுகம் வளர்ந்தது. இடைப்பட்ட தாழ்நிலம் வெள்ளத்தில் மூழ்கும் என்பதால் நெடுங்காலம் பெரிதாக யாரும் கட்டவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கரையைப் பலப்படுத்திய பிறகே எகிப்தை ஆண்ட கெதீவ் இஸ்மாயில் அங்கே அகன்ற சாலைகள் போட்டார். நகரின் பழைய கால்வாயை 1890களில் தூர்த்து அதன்மேல் டிராம் விட்டார்கள். இன்று அது போர்ட் சயீத் தெரு.

1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் வெள்ளமே வருவதில்லை. வெள்ளத்துக்குப் பின் இறங்கிவிடும் நிலத்தடி நீரும் இப்போது இறங்குவதில்லை. அதோடு சாக்கடைக் கசிவும் சேர்ந்து, பழைய பள்ளிவாசல்களின் சுண்ணாம்புக்கல் ஈரத்தை உறிஞ்சுகிறது. நீர் ஆவியாகும்போது உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி அடிச்சுவரைப் பொடிப்பொடியாக உதிர்க்கிறது.