வள்ளிமலையில் தெய்வானைப் பாட்டு

வள்ளிமலைக்குப் போக, காலை ஆறரை மணி பொன்னை பஸ். ஜன்னலோரம் பெரியம்மா, நடுவில் நான், இந்தப் பக்கம் என் மகன். இயர்போனின் ஒரு முனை என் காதில், இன்னொன்று அவன் காதில். பெரியம்மாவுக்கு அந்தச் சங்கதியெல்லாம் வேண்டாம். காட்பாடி மேம்பாலம் தாண்டுவதற்குள் அவரே பாட ஆரம்பித்துவிட்டார். முன் சீட்டுக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

இந்த மூன்று மாதமாக நான், அருணகிரிநாதர் முருகன்மேல் பாடிய திருப்புகழ் தவிர வேறெதையும் கேட்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு நாதஸ்வரம். சமையலறையில் ஏதோ ஒன்று ஓடட்டும் என்று போனைத் தட்டியபோது ஒரு கோயில் புறப்பாட்டுப் பதிவு வந்தது. ராகம் எல்லாம் வாசித்து முடித்துவிட்டுக் கடைசியில் அந்த வித்வான் ஒரு திருப்புகழை எடுத்தார். சொல் ஒன்றுகூடக் காதில் விழாத வாத்தியத்தில் அந்தச் சந்தம் மட்டும் குதித்துக் குதித்து வந்தது. தவில்காரர் அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

அதிலிருந்து தேடித் தேடிக் கேட்பதுதான் வேலை. 1964-ல் வந்த 'அருணகிரிநாதர்' படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் பாடிய 'முத்தைத்தரு' எல்லாருக்கும் தெரியும். அதில் அருணகிரியாக நடித்தவரும் அவர்தான். மூச்சு விடாமல் அவர் பாடுவதைக் கேட்டுவிட்டு நாமும் பாடிப் பார்த்தால் இரண்டாவது அடியிலேயே நாக்கு மடங்கிவிடும். எனக்கு இப்போது அதைவிடப் பிடித்திருப்பது கூட்டமாகப் பாடும் பதிவுகள். டெல்லியில் இருந்துகொண்டு ஏ.எஸ்.ராகவன் என்ற பெரியவர் நூற்றுக்கணக்கான திருப்புகழ்களுக்கு ராகம், தாளம் அமைத்து, 'திருப்புகழ் அன்பர்கள்' என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாணியில் முப்பது நாற்பது பேர் சேர்ந்து பாடும்போது ஒருவர் குரலும் தனியாகத் தெரியாது. யாரோ ஒரு பாட்டி அரை மாத்திரை பிந்தி வருவார். அதுவும் அழகாகத்தான் இருக்கும். மேடைக் கச்சேரியின் சுத்தம் அதில் இல்லை. எனக்கு அது வேண்டவும் இல்லை.

சரி, கேட்டாயிற்று. என்ன பாடுகிறார்கள் என்று தெரிய வேண்டாமா? அப்படித்தான் படிப்புக்குள் இறங்கினேன். கௌமாரம் என்ற இணையதளத்தில் திருப்புகழ்ப் பாடல்கள் சொல் பிரித்து, பொருளோடு இருக்கின்றன, பாடியும் கேட்கலாம். கந்தபுராணம் படிக்க வேண்டுமென்றால் மதுரைத் திட்டம் இருக்கிறது. தன்னார்வலர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தட்டச்சு செய்து, 1998 முதல் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். புத்தகக் கடையில் கனத்தைப் பார்த்தே பின்வாங்கிய நான், இரவில் விளக்கணைத்த பிறகு போனில் கச்சியப்ப சிவாச்சாரியாரின் வள்ளியம்மை திருமணப் படலம் படித்தேன். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை, நம்பிராஜன் வளர்த்த பெண், பரண் மேல் நின்று தினைப்புனம் காத்தவள். அவளைத் தேடி வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் மாறி மாறி வருகிற சாமி. இதெல்லாம் நடந்த இடம் என்று சொல்லும் வள்ளிமலை நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. சத்துவாச்சாரியில் பதினெட்டு வருஷம் குடியிருந்தும் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், அதுவும் யாரோ சொந்தக்காரர் வீட்டு மொட்டைக்கு.

பொருளோடு படிப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. பஸ்ஸில் மகன் ஒரு பாட்டை எடுத்து உரக்கப் பொருள் படிக்க ஆரம்பித்தான். இரண்டு வரி போனதும் குரல் இறங்கியது. நாலாவது வரியில் நின்றேவிட்டான். திருப்புகழ் படித்தவர்களுக்குத் தெரியும்: நிறையப் பாட்டுகளின் முன்பாதியில் விலைமாதரின் கூந்தல், கண், பேச்சு, அவர்கள் பின்னால் அலைந்து கெட்டது என்று வரும். பின்பாதியில்தான் முருகன் வருவான், ஊர்ப் பெயர் வரும். கல்லூரியில் படிக்கும் பையன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த முன்பாதியை எப்படிப் படிப்பான்?

"இன்னாடா நிறுத்திட்ட?" என்றார் பெரியம்மா.

"ஒண்ணுமில்ல பாட்டி, சிக்னல் இல்ல."

சேர்க்காட்டில் பல்கலைக்கழக வாசலில் சிக்னல் இல்லையாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதை மறைத்து, வெறும் தோத்திரமாக மட்டும் பாடிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. விழுந்த பள்ளத்தை அத்தனை துல்லியமாகச் சொல்கிறவர் கையை நீட்டும்போதுதான் அந்தக் கைக்கு வலு இருக்கிறது. இருந்தாலும் பொன்னை பஸ்ஸில் இந்த விளக்கத்தை என்னாலும் கொடுக்க முடியவில்லை.

வள்ளிமலையில் இறங்கியபோது வெயில் ஏறவில்லை. முந்தின நாள் மழை. கார்த்திகை மாதத்தில் மட்டும் நம் வேலூர்ப் பக்கத்து மலைகளுக்குப் பச்சை ஒட்டிக்கொள்ளும். மற்ற நாளில் பாறைதான். சரவணப் பொய்கையில் கால் நனைத்து, அடிவாரக் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் படி ஏறினோம். நானூற்றுச் சொச்சம் படி. பெரியம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது, இரண்டு முட்டியிலும் வலி. "படிக்கு ஒரு அடி பாடினா வலி தெரியாது" என்று சொல்லிவிட்டு முத்தைத்தருவை எடுத்தார்.

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. மகன் போனில் அந்தப் பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே பார்த்து வந்தான். "பாட்டி, பத்தித் திருநகைன்னா பக்தி இல்ல. பத்தின்னா வரிசை. முத்து மாதிரி பல்வரிசை. அந்தச் சிரிப்பு தெய்வானையோடது. அத்திக்கு இறைன்னா தெய்வானைக்குத் தலைவன்" என்றான். அத்தி என்றால் யானை. ஐராவதம் வளர்த்த பெண் அல்லவா தெய்வானை.

பெரியம்மா நின்றுவிட்டார். நாலைந்து வயதில் அவர் அப்பா மடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பாட்டு அது. முத்தியைத் தருகிற பக்தி என்றுதான் அறுபத்தெட்டு வருஷமாக நினைத்துப் பாடிக்கொண்டிருக்கிறார்.

"அப்போ வள்ளி மலையில ஏறிக்கினு தெய்வானை பாட்டையா பாடிட்டு வரேன் நானு?"

மேலே இருந்து இறங்கிய ஒரு குடும்பம் சிரித்தது. எனக்கும் சிரிப்புதான், ஆனால் அடக்கிக்கொண்டேன். அவர் முகத்தில் கோபமில்லை. வீட்டில் நெடுநாள் இருந்த ஒரு பாத்திரத்தைக் காணாமல் தேடுகிறவர் மாதிரி இருந்தார். மகனுக்கும் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. அடுத்த இருபது படி யாரும் பேசவில்லை.

அப்புறம் அவரே, "உங்க போன் சொல்றது சரியாத்தான் இருக்கும். எனக்குப் பக்திதான். வரிசைன்னு பாடினா வாய்ல வரல" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தமிழில் பக்தியையும் பத்தி என்றுதான் எழுதுவோம், அதனால் அவர் நினைத்ததிலும் ஓசைக் குற்றம் ஒன்றுமில்லை. பொருள்தான் வேறு வீட்டுக்குப் போய்விட்டது.

மேலே கோயில் பாறையோடு பாறையாக இருக்கிறது. குடைந்த கருவறை, வெளியே கல் மண்டபம். உள்ளே போனதும் ஈரக் கல் வாசனையும் விபூதி வாசனையும் சேர்ந்து வந்தன. கூட்டம் குறைவு. அர்ச்சகர் தீபத்தை நிதானமாகக் காட்டினார். பெரியம்மா வாய் திறக்கவே இல்லை. கை மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தேனும் தினைமாவும்தான் இங்கே பிரசாதம். மகன் தன் பங்கை மண்டபத்தில் வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போனான், திரும்பி வருவதற்குள் ஒரு குரங்கு முடித்துவிட்டது. வள்ளி பறவை விரட்டிய மலையில் தினை காக்கத் தெரியவில்லையே என்று அவனைக் கேலி செய்தோம்.

பலர் இங்கிருந்தே இறங்கிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச தூரம் பாறை மேல் நடந்தால் சூரியன் படாத சுனை, யானை வடிவப் பாறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வள்ளி கதை சொல்வார்கள். மலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களோடு குகையும் இருக்கிறது; கங்க மன்னன் ராசமல்லன் பெயர் அங்கே கல்வெட்டில் உண்டு. ஒரே மலையில் தினைப்புனமும் சமணப் பள்ளியும். அதைத் தனியாக ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும்.

நான் வந்தது வள்ளிமலை சுவாமிகள் ஆசிரமத்துக்காக. இந்த மூன்று மாதப் படிப்பில் என்னை அதிகம் பிடித்து உலுக்கியது அவர் கதைதான். பூர்வாசிரமத்தில் அர்த்தநாரி என்று பெயர். 1870-ல் பிறந்தவர், மைசூர் அரண்மனையில் சமையற்காரர். தீராத வயிற்று வலியோடு பழனிக்குப் போனார். அங்கே நடனமாடும் பெண்மணி ஒருவர் திருப்புகழ் பாடக் கேட்டு அப்படியே கட்டுண்டார். அதற்குப் பிறகுதான் திருப்புகழைப் படிப்பதற்காகவே தமிழெழுத்துக் கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். திருவண்ணாமலையில் ரமண மகரிஷி, "கீழே போ" என்று அனுப்ப, கீழே சேஷாத்ரி சுவாமிகள் திருப்புகழே உனக்கு மந்திரம் என்று சொல்லி வள்ளிமலைக்கு அனுப்பிவைத்தார். 1950-ல் மறையும்வரை திருப்புகழை ஊரெல்லாம் பரப்பினார். ஆங்கிலப் புத்தாண்டுக்கு வெள்ளைக்காரத் துரைகளைப் பார்க்க எலுமிச்சம்பழத்தோடு போகிறீர்களே, துரைக்கெல்லாம் துரை திருத்தணியில் இருக்கிறானே என்று, டிசம்பர் 31 இரவு படிக்கு ஒரு திருப்புகழ் பாடி 365 படியும் ஏறும் வழக்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். இன்றைக்கும் அது நடக்கிறது.

அவர் படித்த புத்தகத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1871-ல் சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் தங்கள் பெருமைக்குச் சான்றாக ஒரு திருப்புகழ் வரியைக் காட்டினார்கள். அந்த வரியில் மயங்கிய வ.த.சுப்பிரமணிய பிள்ளை, முன்சீப் வேலை பார்த்துக்கொண்டே ஊர் ஊராக ஏட்டுச்சுவடி தேடினார். 1894-ல் முதல் பாகம் அச்சேறியது. அருணகிரியார் பாடியது பதினாறாயிரம் என்பார்கள். நம் கைக்கு வந்தது சுமார் 1,300. பிள்ளையின் மகன் செங்கல்வராய பிள்ளை பிற்பாடு உரையும் எழுதினார். அப்பா சுவடி தேட, மகன் பொருள் தேட, நான் மெத்தையில் படுத்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிறேன்.

சமாதிக்கு முன்னால் உட்கார்ந்தபோது போனில் சார்ஜ் நாலு சதவீதம். அணைத்துப் பைக்குள் போட்டேன். இடம் நல்ல குளிர்ச்சி. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு திருப்புகழ், அதுவும் பாதி. மெதுவாகப் பாடினேன். வார்த்தை மறந்த இடத்தில் 'தனதன தனதான' என்று சந்தத்தை மட்டும் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் பெரியம்மா விட்டுப்போன வார்த்தையை எடுத்துக்கொடுத்தார். அவர் எடுத்துக்கொடுத்ததில் இரண்டு, போனில் படித்தது மாதிரி இல்லை. நான் திருத்தவில்லை. மகனும் திருத்தவில்லை. அவன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான், தூங்கினானா என்று எனக்குச் சந்தேகம்தான்.

திரும்பும் வழியில் திருவலத்தில் இறங்கினோம். வில்வநாதேசுவரர் கோயில் நந்தி சுவாமியைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். அபிஷேகத் தண்ணீர் கொண்டுவந்த குருக்களுக்குத் தொல்லை கொடுத்த கஞ்சன் என்ற அசுரனை விரட்டப் போன நந்தி, மறுபடி வந்துவிடப் போகிறானே என்று அந்தப் பக்கமே காவல் இருக்கிறதாம். திருஞானசம்பந்தர் இந்த ஊருக்குப் பாடிய பதிகம் முதல் திருமுறையில் இருக்கிறது, பண் வியாழக்குறிஞ்சி. இப்போது சௌராஷ்டிர ராகத்தில் பாடுகிறார்கள். பிராகாரத்தில் உட்கார்ந்து, மகன் போனில் ஓர் ஓதுவாரின் பதிவை மிகக் குறைந்த சத்தத்தில் வைத்துக் கேட்டோம். திருப்புகழ் ஓட்டத்துக்குப் பழகிய காதுக்கு முதலில் மெதுவாக இருந்தது. மூன்றாவது பாட்டுக்குள் காது அதன் நடைக்கு இறங்கிவிட்டது. நீங்கள் கேட்பதாக இருந்தால் அந்தந்த ஊர்ப் பதிகத்தை அந்தந்தக் கோயிலிலேயே உட்கார்ந்து கேளுங்கள், பஸ்ஸில் வேண்டாம். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், அவ்வளவுதான்.

போன வாரம் பெரியம்மாவுக்காக முத்தைத்தரு முழுவதையும் சொல் பிரித்து, கொட்டை எழுத்தில், நான்கு முழுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். பொருளும் பக்கத்திலேயே எழுதினேன். மஞ்சள் தடவிப் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். பாடும்போது அதைப் பார்ப்பதில்லை. நேற்று சாயங்காலம் போனபோதும் பக்தியைத்தான் பாடிக்கொண்டிருந்தார், அத்திக்கிறையில் மட்டும் ஒரு நொடி நின்று, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு.