வழித்துணைநாதர் சந்நிதியில் மாமாவின் நாயனம்

‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைகளுக்கும் தெரிந்த சொல். வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் பஸ்ஸில் ஏறி, செதுவாலையில் இறங்கி, உள்ளே இரண்டு கிலோமீட்டர் போனால், பாலாற்றின் தென்கரையில் அந்தக் கருங்கல் மதில்தான் முதலில் நம்மை எதிர்கொள்ளும். நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் விரைகிறார்கள். இவ்வளவு பெரிய கோயில் இத்தனை அருகில் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

மார்க்கபந்தீசுவரர் என்றும் வழித்துணைநாதர் என்றும் சுவாமிக்குப் பெயர். அம்பாள் மரகதாம்பிகை. மிளகு மூட்டைகளோடு காஞ்சிபுரத்துக்குப் புறப்பட்ட வணிகர் ஒருவர், வழியில் கள்வர்களுக்கு அஞ்சி இங்கே வேண்டிக்கொள்ள, இறைவனே காவலாக உடன் சென்றார் என்கிறது தலபுராணம். அப்பய்ய தீட்சிதர் இயற்றிய மார்க்கபந்து தோத்திரத்தைப் பயணம் கிளம்பும்போது சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அருணகிரிநாதரும் இத்தலத்தைப் பாடியிருக்கிறார்.

இந்த முறை நான் போனது கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு. என் தாய்மாமாவின் தலைத் திவசம் முடிந்த பிறகு வந்த கடை ஞாயிறு அது. துக்கம் நடந்த வருஷத்தில் திருவிழாவுக்குப் போகக் கூடாது என்று முந்தைய ஆண்டு அத்தை வீட்டோடு இருந்துவிட்டார். இந்த ஆண்டு கார்த்திகை பிறந்ததுமே அவரிடமிருந்து போன் வந்தது. “விரிஞ்சிபுரம் போக வேண்டும், தம்பி. மாமா ஒரு வருஷமும் விட்டதில்லை. நீ வந்தால் நான் கிளம்புவேன்” என்றார்.

மாமா குடியாத்தத்தில் நாயனக்காரர். சபாக்களில் அவர் பெயர் அடிபட்டதில்லை. கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், வைகாசி பிறந்தால் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்று சுற்றுவட்டாரத்திலேயே அவர் வாழ்க்கை கழிந்தது. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் தறியில் உட்கார்ந்து லுங்கி நெய்வார். தறி ஓசைக்கு மேல் அவர் தோடியை முணுமுணுப்பதைக் கேட்பதற்காகவே தெருத் திண்ணையில் ஆட்கள் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வெளியூருக்கு வந்துவிடும்படி அழைப்புகள் வந்தன. பெண் பள்ளிக்கூடம் போகிறாள், தாயாருக்குக் கண் தெரியவில்லை, இவர்களை விட்டு எங்கே போவது என்று சொல்லி மறுத்துவிட்டார். அதைச் சிலர் துணிச்சல் இல்லாமை என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. ஆற்காட்டில் கல்யாணம் வாசித்துவிட்டு நடுநிசியில் வீடு திரும்பினாலும், தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி மக்கன்பேடாவை வாயில் ஊட்டிவிட்டுத்தான் கால் கழுவப் போவார். வீடுதான் அவருக்கு முதல் சபை.

விரிஞ்சிபுரத்தோடு அவருக்கு ஏற்பட்ட உறவுக்குக் காரணம் அந்தப் பெண்தான். கல்யாணமாகிப் பல ஆண்டுகள் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. இங்கே கோயிலுக்குள் சிம்ம தீர்த்தம் என்றொரு கிணறு இருக்கிறது. கல்லில் செதுக்கிய பெரிய சிங்கத்தின் திறந்த வாய்தான் அதற்கு வாசல். வாய்க்குள் நுழைந்து படியிறங்கினால் தண்ணீர். ஆதிசங்கரர் இதில் பீஜாட்சரம் என்னும் மந்திர எழுத்தைப் பிரதிஷ்டை செய்தார் என்பது ஐதிகம். கடை ஞாயிறு பிறக்கும் நள்ளிரவில், பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் இதில் நீராடி, ஈரப் புடவையோடு பிரகாரத்தில் படுப்பார்கள். கனவில் பழமோ பூவோ வந்தால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. அத்தையும் அப்படி ஒரு டிசம்பர்க் குளிரில் படுத்தார். அடுத்த கடை ஞாயிறு வருவதற்குள் பெண் பிறந்தாள்; அம்பாளின் பெயரையே வைத்தார்கள். அன்று முதல், இந்த இரவில் ஒரு பைசா வாங்காமல் சுவாமிக்கு வாசிப்பது என்று மாமா நேர்ந்துகொண்டார்.

நீராட்டு முடிந்து பெண்கள் படுக்கும் நேரத்தில் அவர் மண்டபத் தூண் ஓரமாக உட்காருவார். தவிலை நிறுத்தச் சொல்லிவிடுவார். சுருதி பிடிக்கும் ஒத்து மட்டும் இழைய, மெதுவாக நீலாம்பரி எடுப்பார். பள்ளியறைக்கு வாசிக்கிற தாலாட்டு ராகம் அது. “பிள்ளை இல்லாதவர்களுக்கு எதற்கு மாமா தாலாட்டு?” என்று சிறுவயதில் கேட்டேன். “வரப்போகிற பிள்ளைக்கு வழி தெரிய வேண்டாமா, மருமகனே?” என்றார். ஈரத் தலைகளோடு வரிசையாகப் படுத்திருந்த பெண்கள் சிலர் அந்த ராகத்தில் விசும்பியதும், பக்கத்தில் படுத்திருந்த முன்பின் அறியாத பெண் கையைப் பிடித்துக்கொண்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அத்தையும் வருஷாவருஷம் கூடவே வருவார். தனக்கு வரம் கிடைத்துவிட்ட பிறகும், மாற்றுப் புடவை இல்லாமல் வந்திருக்கும் பெண்களுக்காக ஒரு மூட்டை புடவையோடு வருவார். இந்த முறையும் அந்த மூட்டை இருந்தது.

நாங்கள் முன்மாலையிலேயே போய்விட்டதால் சுவாமியைச் சாவகாசமாகத் தரிசிக்க முடிந்தது. இங்கே லிங்கத் திருமேனி சற்றே சாய்ந்திருக்கும். தந்தையை இழந்த சிவசர்மன் என்ற சிறுவன் பூஜை செய்ய வந்தபோது, அவனுடைய கைகள் சிரசுக்கு எட்டவில்லை. சுவாமி தலையைச் சாய்த்துக் கொடுத்தார் என்பது வரலாறு. மாமாவுக்கு இந்தக் கதை சொல்லிச் சொல்லி அலுக்காது. சின்னப் பையன்களுக்குப் பாடம் எடுக்கும்போது அவரும் அப்படித்தான். விரல்கள் நீளமான பாரி நாயனத்தின் துளைகளுக்கு எட்டாத பையனிடம் குட்டையான திமிரி நாயனத்தைக் கொடுத்து, தானும் தரையில் அவன் உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாக எடுத்துத் துளையில் வைப்பார். ஒரு பையனையும் அவர் அடித்துப் பார்த்ததில்லை.

தெற்குப் பக்கத்தில் நேரம் காட்டும் கல் இருக்கிறது. அரைவட்டமாகச் செதுக்கி எண்கள் பொறித்த கல். பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் இடத்தில் மணி தெரியும். வருகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். தலமரமான பனையையும் கும்பிட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்தோம்.

இரவு வாசிக்க வந்திருந்தவர் மாமாவிடம் திமிரியில் பாடம் தொடங்கிய பையன்களில் ஒருவர். இப்போது இருபத்தைந்து வயது இருக்கும். யாரும் அழைக்காமல், கூலி பேசாமல், தானாகவே வந்திருந்தார். சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் தானே முழங்கும் இயந்திரத்தைப் பல கோயில்களில் வைத்துவிட்ட காலத்தில், இப்படி ஒருவர் பஸ் ஏறி வந்து வாசிப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. கம்பீரநாட்டை ராகத்தில், சுவாமி புறப்பாட்டுக்கு உரிய மல்லாரி வாசித்துச் சுவாமிக்கு முன்னே நடந்தார். நள்ளிரவு தாண்டியதும் அதே தூணோரம் உட்கார்ந்து நீலாம்பரியைத் தொட்டார்.

அத்தை கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா வாசிக்கும் முதல் பிடியிலேயே அவர் சாப்பிட்டிருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடக்கூடிய காது அது. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து, “மூச்சு மாமாவைப் போல நிற்கவில்லை. ஆனால் அவசரப்படாமல் வாசிக்கிறான். அது போதும்” என்றார். பிறகு எழுந்து, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் புடவை கொடுக்கப் போனார்.

விடியற்காலையில் பௌளி ராகம் வாசித்து அந்த இளைஞர் நாயனத்தை உறையில் வைத்தபோது, அத்தை மடியிலிருந்து பழைய தகர டப்பா ஒன்றை எடுத்தார். உள்ளே, நாயனத்தின் ஊதுவாயில் செருகும் மாமாவின் சீவாளிகள். நூலால் கட்டிய கொத்து, கூடவே துளை சரிசெய்கிற ஊசி. நாணல் தட்டை மாமாவின் உதடு பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. ஒரு சீவாளியின் ஓரத்தில் அவர் பிளேடால் சீவிய தடம்கூடத் தெரிந்தது.

“அம்மா, இது வீட்டில் பூஜையில் இருக்க வேண்டியது” என்று அவர் தயங்கினார்.

“பூஜையில் வைத்தால் காய்ந்து வெடித்துவிடும், அப்பா. நனைந்துகொண்டே இருந்தால்தான் சீவாளி. வெயிலில் வைக்காதே” என்று சொல்லி, அத்தை அவர் கையில் டப்பாவைத் திணித்தார். “நீ முதலில் சாப்பிட வா.”

செதுவாலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, அத்தையின் பேரனுக்குப் பாடம் எடுக்க வாரம் ஒரு நாள் குடியாத்தம் வர முடியுமா என்று அந்த இளைஞரிடம் கேட்டேன். பையனுக்கு எட்டு வயது, விரல்கள் இன்னும் சிறியவை என்றேன். தன்னிடம் திமிரி இருக்கிறது, மாமா கொடுத்ததுதான் என்றார். தை பிறந்ததும் தொடங்குவது என்று பேசி முடித்துக்கொண்டோம்.