யாருடைய காசு என்று கேட்ட பிறகு

2022 ஓகஸ்ட். கரண்ட் போவதற்கு முன்பே லப்டொப்பை முழுதாகச் சார்ஜ் செய்துவைத்துவிட்டு, வெள்ளவத்தை வீட்டு இருட்டில் உட்கார்ந்து உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். அமெரிக்க மாநிலம் ஒன்றில் விண்வெளிக் கல்விக்காகப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஸ்பேஸ் கிராண்ட் கூட்டமைப்பு பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகை அது. மூன்று வாரம் உழைத்தேன். அனுப்புவதற்கு முன் சின்னச் சந்தேகம் ஒன்றைக் கேட்டு ஒருங்கிணைப்பாளருக்கு ஈமெயில் போட்டேன். அடுத்த நாள் மரியாதையான, நீளமான பதில் வந்தது. சாரம் ஒரே வரிதான்: அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்.

அந்த வரி அறிவித்தலிலேயே இருந்தது. நான் தொகையையும் கடைசித் திகதியையும் பார்த்தேன், தகுதிப் பகுதியில் சராசரிப் புள்ளியை மட்டும் பார்த்தேன். அன்று இரவு சாப்பிட மனம் வரவில்லை. இதே இடத்தில் தடுக்கி நிற்கும் தம்பி தங்கைகள் சிலர் பிறகு என்னிடம் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த வழியைச் சொல்லவேண்டும். இலங்கையின் முதல் நனோ செய்மதி ராவணா-1, 2019 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் உள்ள வலொப்ஸ் ஏவுதளத்திலிருந்து புறப்பட்டது. பத்து சென்ரிமீற்றர்ப் பெட்டி, ஏறக்குறைய ஒரு கிலோ எடை. அம்மம்மா திருகோணமலைக்காரி. கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார்த்து வளர்ந்தவர். பெயரைக் கேட்டதும் "எங்கட கோணேசற்றை பக்தன் மேல போறான்" என்று கும்பிட்டார். நான்கே நாளில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்தன. அதன் பிறகு ஊரில் யாருக்கும் செய்மதி ஞாபகத்தில் இல்லை. எனக்கு மட்டும் அந்த வலொப்ஸ் என்ற பெயர் மனதில் தங்கிவிட்டது. கட்டுபெத்தையில், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில், இறுதியாண்டு படிக்கும்போது அதைத் தேடிப் பார்த்தேன். பல்கலைக்கழக மாணவர்கள் தாங்களே செய்த கருவிகளை ரொக்கெட்டில் ஏற்றும் ரொக்ஒன் என்ற பயிற்சி அங்கே நடப்பதும், அதன் பின்னால் கொலராடோ, வேர்ஜீனியா ஸ்பேஸ் கிராண்ட் கூட்டமைப்புகள் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது.

குடியுரிமைப் பதில் வந்த வாரம் எனக்குப் படிப்பித்த சேரைப் போய்ப் பார்த்தேன். 101 பஸ்ஸில் கட்டுபெத்தைச் சந்தியில் இறங்கி, ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்தின் பக்கமாக நடந்து போனேன். சேர் என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திட்டம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "காசு ஆற்றை எண்டு முதல்ல பார் பிள்ளை. மற்றதெல்லாம் அதுக்குப் பிறகு" என்றார். அடுத்த ஒரு வருடம் முழுக்க எனக்கு வழிகாட்டியது இந்த ஒரு கேள்விதான்.

சரி, ஸ்பேஸ் கிராண்ட் யாருடைய காசு? அமெரிக்காவில் 1862இல் விவசாயமும் பொறியியலும் கற்பிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு நிலம் கொடுத்தது. 1966இல் அதே மாதிரியைக் கடல் ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்தது விண்வெளி. 1987இல் சட்டம் வந்தது, 1989இல் நாசா திட்டத்தைத் தொடங்கியது. இன்று 50 மாநிலங்கள், தலைநகர் வொஷிங்டன், புவேர்ட்டோ ரிக்கோ என்று 52 கூட்டமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பல்கலைக்கழகம் தலைமை தாங்கும். நியூயோர்க்கில் கோர்னெல், ஜோர்ஜியாவில் ஜோர்ஜியா ரெக், கொலராடோவில் போல்டரில் உள்ள பல்கலைக்கழகம். சிறிய கல்லூரிகள், அருங்காட்சியகங்கள், கம்பனிகள் எல்லாம் அதோடு சேர்ந்திருக்கும். நாசா தரும் பணத்தோடு மாநிலத் தரப்பும் தன் பங்கைப் போடும். தங்கள் நாட்டுக்கு வேண்டிய விண்வெளிப் பொறியியலாளர்களை உருவாக்குவதுதான் நோக்கம். அங்குள்ள மக்களின் வரிப்பணம் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் போகிறது. இது விளங்கியதும் என் மனவருத்தம் குறைந்தது. எங்கள் மஹாபொல உதவித்தொகையை வெளிநாட்டு மாணவருக்குக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள்தானே.

ஆனால் அந்த 52 கூட்டமைப்புகளின் பக்கங்களும் எனக்கு வீணாகவில்லை. எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பேராசிரியர் பலூன் செய்கிறார், எவர் கியூப்சற் என்ற சின்னப் பெட்டிச் செய்மதி செய்கிறார், எவர் காற்றுச் சுரங்கம் வைத்திருக்கிறார் என்பது அங்கே மாநிலம் மாநிலமாகக் கிடக்கிறது. தரவரிசையில் முதல் இருபது பல்கலைக்கழகங்களை மட்டும் பார்ப்பவர்கள் கண்ணில் படாத இடங்கள் நிறைய. மொன்ரானாவை எடுத்துக்கொள்ளுங்கள். சூரிய கிரகண நாளில் நாடு முழுக்க மாணவர்கள் பலூன் விடும் திட்டத்துக்குத் தலைமை அந்த மாநிலத்தின் ஸ்பேஸ் கிராண்ட்தான். விண்வெளிப் படிப்பு என்றதும் மொன்ரானாவை நம்மில் யார் நினைப்பார்கள்?

ஒரு தாளில் மூன்று நிரல் போட்டேன். பேராசிரியர், அவருடைய வேலை, அந்த வேலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது. மூன்றாவது நிரலுக்குக் கட்டுரைகளின் கடைசியில் வரும் நன்றிப் பகுதியை வாசித்தேன். ஸ்பேஸ் கிராண்ட் என்று மட்டும் இருந்தால் எனக்குச் சம்பளம் தர அவரால் முடியாது. அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றம் என்றோ வேறு ஏதாவது என்றோ இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். பாதுகாப்புத் துறைப் பணம் என்றால் பல இடங்களில் வெளிநாட்டவருக்குக் கதவு மூடியிருக்கும். ரொக்கெட், செய்மதித் தொழில்நுட்பத்துக்கு அமெரிக்காவில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் உண்டு. ஆய்வுகூடத்தில் அந்தத் தொழில்நுட்ப விவரங்களை வெளிநாட்டவருக்குக் காட்டுவதும் ஏற்றுமதியாகவே கணக்கில் எடுக்கப்படும். எல்லோரும் வாசிக்க வெளியிடப்படும் அடிப்படை ஆய்வுக்கு விலக்கு இருக்கிறது. அதனால் என் ஆர்வத்தை உந்துபொறியிலிருந்து வளிமண்டல அளவீட்டுக்குக் கொஞ்சம் திருப்பினேன். இதை விட்டுக்கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. பலூனில் போகும் கருவியும் அதே குளிரையும் அதே மெல்லிய காற்றையும் தாங்கவேண்டும்.

முப்பத்தொரு பேருக்கு எழுதினேன். ஆறு பேர் பதில் போட்டார்கள். கடிதத்தை ஐந்து பந்திக்கு நீட்டவில்லை. உங்கள் இன்ன கட்டுரையில் வெப்பநிலை உணரி வெயிலில் சூடாவதை இப்படித் திருத்தியிருக்கிறீர்கள், என் இறுதியாண்டு வேலையில் நான் அதே பிரச்சினையை இப்படிப் பார்த்தேன், நான் இலங்கைக் குடிமகள், உங்கள் குழுவில் என்னைப் போன்றவரைச் சேர்க்க நிதி இருக்கிறதா என்று நேரே கேட்டேன். குடியுரிமையை முதல் கடிதத்திலேயே சொன்னது நல்லதாகப் போயிற்று. இரண்டு பேர் "இல்லை, ஆனால் கற்பித்தல் உதவியாளராக விண்ணப்பி, அது பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணம்" என்று வழி காட்டினார்கள்.

விண்ணப்பக் கட்டணம்தான் பெரிய தலையிடி. ஒரு பல்கலைக்கழகத்துக்கு 75 டொலர். அப்போது டொலர் 360 ரூபாவுக்கு மேல். எங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு போகவே இல்லை. கனடாவில் இருக்கும் சித்தியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எத்தனை எண்டு சொல்லு, நான் கட்டுறன்" என்றா. ஐந்தைக் கட்டினா. இரண்டுக்கு நானே எழுதிக் கேட்டு விலக்குப் பெற்றேன். கேட்டால் தருகிறார்கள், தயவுசெய்து கேளுங்கள். டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு ஒக்டோபரிலேயே போட்டுவிடவேண்டும். என்னுடையதில் ஒரு பாடத்தின் பெயர் பிழையாக வந்து, திருத்தி எடுக்க இன்னும் மூன்று வாரம் போனது.

2023 மார்ச்சில் ஒரு இடத்திலிருந்து கடிதம் வந்தது. சந்தோஷத்தில் அப்பா உடனே கோயிலுக்குப் போகலாம் என்றார். நான் முதலில் மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன்: கற்பித்தல் உதவியாளர் வேலை, வாரம் 20 மணித்தியாலம், ஒன்பது மாதச் சம்பளம், பாடக் கட்டணம் முழுவதும் விலக்கு. கோடை மூன்று மாதம் பற்றி ஒன்றும் இல்லை. எழுதிக் கேட்டேன். பேராசிரியர் தன் ஆய்வுப் பணத்திலிருந்து இரண்டு மாதம் தருவதாக எழுத்தில் உறுதி கொடுத்தார். அதன் பிறகுதான் கோயிலுக்குப் போனோம்.

விசாவுக்கு முன், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டொலர் செவிஸ் கட்டணம் தனி. விசாக் கட்டணம் 160இலிருந்து 185 டொலராக ஏறிய அதே ஜூனில்தான் என் நேர்முகமும் வந்தது. விண்வெளி சார்ந்த பாடங்களுக்குக் கூடுதல் பரிசோதனை வழமை என்று சேர் முன்பே சொல்லியிருந்ததால் தன்விவரம், ஒரு பக்க ஆய்வுத் திட்டம், மேற்பார்வையாளரின் விவரம், போன நாடுகளின் பட்டியல் எல்லாவற்றையும் கோப்பில் கொண்டுபோனேன். அவற்றைத்தான் கேட்டார்கள். கடவுச்சீட்டு கைக்கு வர நான்கு வாரம். வகுப்புத் தொடங்க இன்னும் பத்து நாள் இருந்தது.

2024 ஏப்ரல் 8 கிரகணத்துக்கு எங்கள் பல்கலைக்கழகமும் பலூன் விட்டது. மணிக்கு ஒன்று, முந்தின இரவு முழுக்க. மாணவர் கொடுப்பனவு ஸ்பேஸ் கிராண்ட் காசு, அது எனக்கு இல்லை. ஆனால் குழுவில் சேர யாரும் தடுக்கவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு பருத்திக் கையுறையோடு பலூனின் கழுத்தைப் பிடித்திருந்தேன். ஹீலியம் ஏற ஏற ரப்பர் மெல்ல இறுகி, கையை மேலே இழுக்கத் தொடங்கும். அந்த இழுவையைச் சின்னத் தராசில் பார்த்துத்தான் வாயுவை நிறுத்துவோம்.

இப்போது லீவில் கொழும்புக்கு வந்திருக்கிறேன். நேற்று கட்டுபெத்தையிலிருந்து ஒரு தங்கை வந்திருந்தாள். அவளுக்குச் செய்மதியையே கையால் செய்யவேண்டும். அதற்கு நான் போன வழி சரிவராது என்று சொன்னேன். ராவணா-1ஐ நம்முடைய பொறியியலாளர் இருவர் கட்டியது ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில். ஐ.நா.வும் ஜப்பானும் சேர்ந்து அங்கே வளர்ந்துவரும் நாட்டு மாணவர்களுக்கென்றே நனோ செய்மதிப் புலமைப்பரிசில் வைத்தன. யுனிசெக் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பும் ஜப்பானில் தொடங்கி இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அவற்றின் இந்த வருட அறிவித்தல்களைத் தேடி எடுத்து, தகுதிப் பகுதியை என் முன்னாலேயே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் இருந்து வாசித்துவிட்டு, மூன்று நிரல் போட்ட ஒரு தாளோடு போனாள்.