வாய் ஒன்று சொல்ல, உடம்பு ஒன்று சொல்ல: ஒரு 12 நொடி ஷாட்

அனிமேஷனில் ஓட்டமோ சண்டையோ என்றால் எடையும் வேகமும் கூடி வந்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. உணர்ச்சிக் காட்சியில் கதாபாத்திரம் பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். அந்தச் சும்மாவை அனிமேட் செய்வதுதான் பாடு.

நான் எடுத்துக்கொண்டது 12 நொடி ஷாட். வீட்டை விட்டுக் கிளம்பும் தம்பியிடம் அக்கா சொல்கிறாள்: "நீ போ. நான் பார்த்துக்கிறேன்." நொடிக்கு 24 பிரேம் கணக்கில் மொத்தம் 288 பிரேம். பேச்சு மூன்று நொடிகூட இல்லை; மீதியெல்லாம் மௌனம்.

என் மென்ட்டர் முதலில் மாயா என்ற அனிமேஷன் மென்பொருளைத் திறக்கவே விடவில்லை. "அவ சொல்ல நினைச்சது என்ன? எழுதிட்டு வாங்க" என்றார். 'போகாதே' என்று எழுதினேன். "அப்போ வாய் போன்னு சொல்லுது, உடம்பு போகாதேன்னு சொல்லுது. ஷாட் அவ்வளவுதான்." அப்புறம் எந்த போஸ் வைத்தாலும் இதை வைத்தே உரசிப் பார்த்தோம்.

அசைவுகளைப் பார்த்துச் செய்ய உதவும் ரெஃபரன்ஸ் வீடியோவுக்கு நானே நடித்தேன். கேமரா என்றால் கூச்சமா? வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அலுத்துப்போகும்வரை நடியுங்கள். அதற்கப்புறம் வருவதில்தான் சரக்கு இருக்கும். என் பதிவில், பேசுவதற்குச் சற்று முன் கட்டைவிரல் மேசை விளிம்பைத் தேய்த்தது. எனக்கே தெரியாமல் நடந்தது. மென்ட்டர் கண்ணில் பட்டது. "கண்ணைத் துடைக்கிற போஸைத் தூக்கிடுங்க, இது போதும்."

பிளாக்கிங்கை (முக்கிய போஸ்களை மட்டும் வைக்கும் கட்டம்) ஸ்டெப்டு கீயில், அதாவது இடை அசைவில்லாமல் போஸுக்குப் போஸ் தாவும்படி, கொண்டுபோனபோது ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தார். சத்தமில்லாமல் விஷயம் புரிந்தால்தான் ஸ்ப்ளைன் (போஸ்களுக்கு இடையிலான அசைவை மென்பொருள் நிரப்பும் கட்டம்) என்பது அவர் சட்டம். ஸ்ப்ளைனுக்கு மாற்றியதும், எல்லோருக்கும் நடப்பதுபோல, உடம்பு மிதக்க ஆரம்பித்தது. மூவிங் ஹோல்டுகளை (போஸ் நிற்கும்போதும் தொடரும் லேசான அசைவு) இறுக்கினோம், சரியானது.

நேரத்தை விழுங்கியது கண்தான். பார்வை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவ இரண்டு மூன்று பிரேம் போதும். அதற்கு மேல் இழுத்தால் ஆள் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். விழி இறங்கினால் இமையும் கூடவே இறங்க வேண்டும். "நீ போ" என்னும்போது அவள் தம்பியைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்க்கிறாள். பிறகு ஒரு மூச்சு. மார்பு லேசாக ஏறுகிறது. ஒரு சிமிட்டல். அப்புறம்தான் விழி அவன் பக்கம் திரும்புகிறது. தலை சில பிரேம் தாமதித்துப் பின்னால் வருகிறது. அந்தச் சிமிட்டலில்தான் அவள் மனசை மாற்றிக்கொள்கிறாள். அதைக் கொஞ்சம் முன்னே தள்ளினாலும் வெறும் சிமிட்டலாகிவிடுகிறது.

உதட்டசைவு அதற்கு முன்னால் சுலபம். 'போ', 'பார்த்து' இரண்டிலும் உதடு முழுசாக மூட வேண்டும், குறைந்தது இரண்டு பிரேம். வாய் வடிவம் ஒலியைவிட ஓரிரு பிரேம் முந்தினால் கண்ணுக்கு ஒட்டும். மற்ற எழுத்துகளை விட்டுப் பிடிக்கலாம்.

ஒரே இடத்தில்தான் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. வசனம் முடிந்தபின் அவள் உதட்டை அழுத்திக்கொள்வதை எடுத்துவிடச் சொன்னார். கட்டைவிரலே அந்த வேலையைச் செய்கிறது என்றார். அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன், எடுக்கவில்லை. "உங்க ஷாட்" என்று சிரித்துவிட்டு, விரல் கணுக்கள் விறைப்பாக இருப்பதைக் காட்டினார். அது நியாயம்தான், அன்றைக்கே திருத்திவிட்டேன்.