குறைமாதக் குழந்தைக்குப் பூஞ்சைத் தொற்று எந்த வழியாக வருகிறது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில், குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பூஞ்சைத் தொற்று இருப்பதாக மருத்துவர் சொன்னதும் உறவினர்களிடையே இரண்டு பேச்சுகள் எழும். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்து விசேஷத்துக்கு மட்டும் திறந்த பெரிய வீட்டின் ஈரச் சுவர்தான் காரணம் என்பது ஒன்று. தாய் ஏதோ ஒவ்வாததைச் சாப்பிட்டுவிட்டாள் என்பது மற்றொன்று. பச்சிளம் குழந்தைகள் பிரிவில் செவிலியராகப் பணியாற்றிய எனக்கு, பிரசவித்த உடலோடு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் காதுபட இரண்டாவது பேச்சு பேசப்படுவதைத் தாங்க முடிவதில்லை.

இக்குழந்தைகளின் ரத்தத்தில் பெரும்பாலும் காணப்படுவது சுவரில் படரும் பூஞ்சை அன்று. கேண்டிடா என்னும் அந்த நுண்ணுயிர் நலமாயிருக்கும் மனிதரின் வாயிலும் குடலிலும் தோலிலும் பெண்ணின் பிறப்புறுப்பிலும் இயல்பாகவே வாழ்வது. நிறைமாதக் குழந்தைக்கு அது நாக்கில் வெள்ளைப் படலத்தை உண்டாக்குவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் ஆயிரம் கிராமுக்கும் குறைவான எடையோடு பிறக்கும் குழந்தைக்குத் தோலின் மேலடுக்கு முதிர்ந்திருக்காது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயிடமிருந்து வந்து சேர வேண்டிய எதிர்ப்புப் புரதங்களும் முழுமையாக வந்திருக்காது. ஆகவே தோலிலும் குடலிலும் குடியேறிய கேண்டிடா ரத்தத்துக்குள் நுழைவது எளிதாகிவிடுகிறது.

குடியேறும் வழிகள் முக்கியமாக இரண்டு. பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருவது ஒன்று. கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் வகை பெரும்பாலும் இவ்வழியில் வருகிறது. குழந்தையைத் தொடும் கைகளிலிருந்து வருவது மற்றொன்று; கேண்டிடா பாராப்சிலோசிஸ் என்னும் வகை மருத்துவப் பணியாளர்களின் கைகளில் தங்கியிருந்து, ரத்தக்குழாயில் செருகிய நெகிழிக் குழாயில் ஏறி, அதன் உட்சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும். அப்படலத்துக்குள் மருந்து சரிவர எட்டுவதில்லை என்பதால்தான், ரத்தத்தில் கேண்டிடா தெரிந்தவுடன் அக்குழாயைக் கூடிய விரைவில் அகற்றச் சொல்கிறார்கள். பாக்டீரியாவுக்குக் கொடுக்கப்படும் வீரியமான ஆன்டிபயாட்டிக்குகள், குறிப்பாக மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், குடலில் பூஞ்சையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அழித்துவிடுகின்றன. "இன்னும் வீரியமான மருந்தாகப் போடுங்கள்" என்று மருத்துவரை வற்புறுத்தும் குடும்பத்தார் இதை அறிந்திருக்க வேண்டும்.

எதிர்பாராத வழிகளும் உண்டு. குழந்தையின் கை அசையாதிருக்க அணையாகக் கட்டிய மரக்குச்சிகளிலிருந்து ரைசோபஸ் என்னும் பூஞ்சை குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்றிய நிகழ்வு, 1996இல் லான்செட் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. வார்டுக்கு அருகில் கட்டட வேலை நடந்தால் அந்தத் தூசியோடு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகளும் வரக்கூடும்.

எங்கள் ஊரில் குழந்தையைப் பார்க்க வரும் பெரியவர்களிடம் நகையைக் கழற்றச் சொல்வது சங்கடமான காரியம். ஆனால் மோதிரத்தின் அடியிலும் வளையலின் இடுக்கிலும் தங்கும் கிருமியைச் சோப்பு எட்டாது. "ஆச்சி, மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டு, முழங்கை வரை கழுவிக்கொண்டு வாருங்கள்" என்று நான் தயங்காமல் சொல்லியிருக்கிறேன். சோப்பால் கழுவுவதற்கு 40 முதல் 60 விநாடி வேண்டும். பெரும்பாலோர் அதில் பாதி நேரம்கூடக் கொடுப்பதில்லை. இந்த விதி மருத்துவருக்கும் செவிலியருக்கும் இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். ஏனெனில் ஒரு குழந்தையிடமிருந்து அடுத்த குழந்தைக்குச் செல்பவை எங்கள் கைகளே.

தாயைப் பொறுத்தவரை, அவளிடம் கேண்டிடா இருப்பது அவள் செய்த தவறால் அன்று. கர்ப்பகாலத்தில் அரிப்போ தயிர்போன்ற வெள்ளைப்படுதலோ இருந்தால் கூச்சப்படாமல் சொல்லி மருத்துவம் செய்துகொள்ளலாம். குழந்தை பிறந்தபின், மருத்துவர் அனுமதித்தவுடன் கையைக் கழுவிக்கொண்டு அவள் குழந்தையை மார்போடு அணைத்து வைத்திருக்கட்டும். தன் பாலைப் பீய்ச்சிக் கொடுக்கட்டும். தாய்ப்பால் செரிக்கத் தொடங்கினால், ரத்தக்குழாய் வழியே ஊட்டம் செலுத்துவதற்காகச் செருகிய அந்த நெகிழிக் குழாயையும் முன்னதாகவே எடுத்துவிட முடியும்.