15-வது சீசன்: போனவர்கள், வந்தவர்கள், நடுவில் தலைகாட்டியவர்

'லா அண்ட் ஆர்டர்' தொடரின் 15-வது சீசனை மறுபடி பார்த்து முடித்தேன். முன்பு பார்த்தபோது கொலைகாரன் யார் என்பதிலேயே கண் இருந்தது. இந்த முறை கொலையை விட்டுவிட்டு, வேலைக்கு வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்த்தேன். 2004 செப்டம்பரில் தொடங்கி 2005 மே மாதம் முடிந்த சீசன் இது. முக்கியக் கதாபாத்திரங்கள் ஆறு. அதில் மூன்று இடங்களில் ஆள் மாறுகிறது. ஒருவர் தொடக்கத்திலேயே இல்லை. ஒருவரை நடுவில் கழற்றிவிடுகிறார்கள். இன்னொருவர் கடைசி நான்கு எபிசோடுகளில் காணாமல் போகிறார்.

தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. டிக் வுல்ஃப் உருவாக்கிய தொடர், 1990-இல் என்பிசி சேனலில் தொடங்கியது. களம் நியூயார்க். முதல் பாதியில் இரண்டு டிடெக்டிவ்கள் கொலையை விசாரிப்பார்கள், இரண்டாம் பாதியில் அரசு வழக்கறிஞர்கள் அதைக் கோர்ட்டில் நடத்துவார்கள். இப்படி இரண்டாகப் பிரித்ததற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு உண்டு. அன்றைக்கு அமெரிக்காவில் ஒரு மணி நேரத் தொடர்களை மறு ஒளிபரப்புக்கு விற்பது கஷ்டம், அரை மணி நேரத் தொடர்கள் விற்றுவிடும். தேவைப்பட்டால் நடுவில் வெட்டி இரண்டாக விற்கலாமே என்று வுல்ஃப் யோசித்தார். வெட்டவேண்டிய அவசியம் கடைசிவரை வரவில்லை. ஆனால் அந்த அமைப்பு வேறொரு விதத்தில் கைகொடுத்தது. போலீஸ் பக்கம் ஒருவர் போனால் கோர்ட் பக்கம் கதையைத் தாங்கும். கோர்ட் பக்கம் ஆள் மாறினால் போலீஸ் பக்கம் தாங்கும். போதாததற்கு, இவர்களுடைய வீட்டுக்குள் கேமரா அநேகமாகப் போகாது. மனைவி, பிள்ளைகள், காதல் எல்லாம் காரில் போகும்போது சொல்லும் ஒரு வரியோடு சரி. அதனால் ஒருவர் போய்விட்டால் அவருடைய குடும்பத்தை என்ன செய்வது என்ற தலைவலி இல்லை.

நம் சீரியல்களில் "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு கார்டு போட்டுவிட்டு, அதே மருமகளாக வேறொருவரை நடிக்கவைப்பார்கள். இங்கே அது நடக்காது. நடிகர் போனால் பாத்திரமும் போகும். புது நடிகர் புதுப் பெயரோடு, புதுக் குணத்தோடுதான் வருவார். முதலில் இருந்த ஆறு பேரில் ஒருவர்கூட 15-வது சீசனில் இல்லை. கடைசியாக மிஞ்சியிருந்த ஸ்டீவன் ஹில் 2000-த்திலேயே விலகிவிட்டார்.

சரி, முதல் நாற்காலிக்கு வருவோம். அது ஜெர்ரி ஓர்பாக்குடையது.

அவர் நடித்த டிடெக்டிவ் லென்னி பிரிஸ்கோ என்ற பாத்திரமே ஒரு சீசனின் நடுவில் பிறந்ததுதான். 1992-இல், மூன்றாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தபோது, டிடெக்டிவாக நடித்த பால் சொர்வினோ விலகினார். அவர் ஆப்பரா பாடகரும்கூட. நீண்ட நேர ஷூட்டிங் தன் குரலைப் பாதிக்கும் என்று அவருக்குக் கவலை. அவருடைய பாத்திரமான செரெட்டாவைச் சுட்டார்கள், சாகடிக்கவில்லை. குணமாகி மேஜை வேலைக்குப் போய்விட்டதாகக் கதையை முடித்தார்கள். அந்த இடத்துக்கு வந்தவர்தான் ஓர்பாக். அதற்கு முந்தைய சீசனில் இதே தொடரில் ஒரு எதிர்த்தரப்பு வழக்கறிஞராக ஒரு எபிசோடில் வந்து போனவர். இந்தத் தொடருக்கு இது ஒரு பழக்கம். டிடெக்டிவ்களின் மேலதிகாரி லெப்டினன்ட் வான் பியூரனாக 17 சீசன் இருந்த எஸ். எபாத்தா மெர்க்கர்சன்கூட முதல் சீசனில், சுடப்பட்ட ஒரு குழந்தையின் தாயாக வந்தவர்தான். இந்தத் தொடருக்குத் தனியாக ஆடிஷன் தேவையில்லை என்று எனக்குத் தோன்றும், எபிசோடுகளே ஆடிஷன்.

ஓர்பாக் 12 சீசன் இருந்தார். பிராட்வே மேடையிலிருந்து வந்தவர், 1969-இல் டோனி விருது வாங்கியவர், டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்தில் மெழுகுவர்த்திக்குக் குரல் கொடுத்தவர். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அவர் பிணத்தின் பக்கத்தில் நின்று சலிப்போடு ஒரு ஜோக் அடிக்கும் வயதான போலீஸ்காரர்தான். குடியை விட்டவர், இரண்டு முறை விவாகரத்து ஆனவர். அந்த ஜோக் முடிந்ததும் டைட்டில் வரும். என் அக்காவுக்குத் தொடர் என்றால் அந்த ஜோக்தான். பிரிஸ்கோ இல்லாத எபிசோடு ஓடினால் எழுந்து போய்விடுவாள்.

2004 மே மாதம், 14-வது சீசனின் கடைசியில் பிரிஸ்கோ ஓய்வுபெறுகிறார். கட்டிப்பிடித்து அழுவதெல்லாம் இல்லை. அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் விசாரணையாளர் வேலை என்று ஒரு காரணம் கொடுத்தார்கள். 'ட்ரையல் பை ஜூரி' என்ற புதிய கிளைத்தொடரில் அவரைத் தொடர்வதற்கான ஏற்பாடு அது. ஆனால் அவருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் இருந்தது. 2004 டிசம்பர் 28-ஆம் தேதி, 69 வயதில் இறந்துபோனார். புதிய தொடர் 2005 மார்ச்சில்தான் ஒளிபரப்பானது, அதில் முதல் இரண்டு எபிசோடுகளில் மட்டும் இருக்கிறார். கண்களைத் தானம் செய்தார், இரண்டு பேருக்குப் பார்வை கிடைத்தது. நியூயார்க்கின் கண் வங்கி பிறகு அவர் படத்தைப் போட்டே விளம்பரம் செய்தது.

15-வது சீசனை ஒளிபரப்பான தேதிகளோடு பார்த்தால் இது உறுத்தும். முதல் சில மாத எபிசோடுகளில் பிரிஸ்கோ வேறு அலுவலகத்துக்குப் போய்விட்ட ஆள். ஜனவரியில் அவராக நடித்தவரே இல்லை. இந்த நிலைமையில் அந்த இடத்துக்கு வந்தவரை யார் நியாயமாகப் பார்த்திருப்பார்கள்?

வந்தவர் டென்னிஸ் ஃபரீனா. பாத்திரத்தின் பெயர் ஜோ ஃபோன்டானா. விலை உயர்ந்த சூட், சட்டைப்பையில் பட்டுக் கைக்குட்டை, பெரிய கார், சுருட்டி வைத்த நோட்டுக்கட்டு. ஒரு போலீஸ்காரருக்கு இவ்வளவு பணம் எப்படி என்று பார்க்கிறவருக்குக் கேள்வி எழும், கதை அதற்குப் பதில் சொல்ல அவசரப்படவில்லை. அக்கா ஒரு எபிசோடை முழுதாகப் பார்த்துவிட்டு, "இந்த ஆள் போலீஸ் மாதிரியே இல்லையே" என்றாள். நடிக்க வருவதற்கு முன் ஃபரீனா 18 வருடம் சிகாகோ போலீஸில் வேலை பார்த்தவர் என்று சொன்னேன். "இருந்தாலும் இல்லை" என்று சொல்லிவிட்டாள். வாதம் அத்தோடு முடிந்தது.

எனக்கு ஃபோன்டானாவைப் பிடிக்கும். பிரிஸ்கோ போல இன்னொருவரைக் கொண்டுவந்திருந்தால் பத்து எபிசோடில் சலித்திருக்கும். பிரிஸ்கோ உலகத்தைப் பார்த்துச் சலித்தவர், ஃபோன்டானா தன்னைப் பார்த்தே திருப்தியானவர். எட் கிரீனாக நடிக்கும் ஜெஸ்ஸி எல். மார்ட்டினுக்கும் இதனால் வேலை மாறுகிறது. அதுவரை பெரியவரிடம் கற்றுக்கொள்ளும் இளைஞர், இப்போது அந்த ஸ்டேஷனைத் தெரிந்த சீனியர். மார்ட்டின் அதை வசனமே இல்லாமல், புருவத்தை வைத்தே செய்கிறார்.

இரண்டாவது மாற்றம்தான் இந்தத் தொடரின் வரலாற்றிலேயே அதிகம் கேலி செய்யப்பட்டது. உதவி அரசு வழக்கறிஞர் செரீனா சதர்லின், அதாவது எலிசபெத் ரோம். 2001-இல் வந்தவர். 2005 ஜனவரி 12 அன்று ஒளிபரப்பான எபிசோடின் கடைசிக் காட்சியில் அவரை வேலையிலிருந்து அனுப்புகிறார் தலைமை அரசு வழக்கறிஞர் ஆர்தர் பிராஞ்ச். நடித்தவர் ஃபிரெட் தாம்ப்சன், அமெரிக்க செனட்டராக இருந்துகொண்டே இந்தத் தொடரில் சேர்ந்தவர். சதர்லினுக்குக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மேல் இரக்கம் அதிகம், அரசுத் தரப்பில் இருப்பதைவிட எதிர்த்தரப்பில் இருப்பது பொருத்தம் என்பது அவர் சொல்லும் காரணம். இதுவரை சரி. அந்தப் பாத்திரத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்தால் நியாயமான காரணமும்கூட. கோர்ட்டில் வழக்குகளை நடத்தும் மூத்த அரசு வழக்கறிஞர் மெக்காயோடு அவர் அடிக்கடி முட்டிக்கொண்டது அந்த இரக்கத்தால்தான்.

அப்புறம் சதர்லின் திரும்பி, தான் லெஸ்பியன் என்பதாலா இது என்று கேட்கிறார். இல்லை என்கிறார் பிராஞ்ச். நல்லது என்கிறார் சதர்லின். எபிசோடு முடிந்துவிடுகிறது. மூன்றரை சீசனாக ஒரு ஜாடைகூடக் காட்டாத விஷயம், கதவைத் திறந்துகொண்டு போகும்போது வந்து விழுகிறது. வீட்டுக்குள் கேமரா போகாது என்று மேலே பாராட்டினேனே, அதே கொள்கை இங்கே காலை வாரிவிட்டது. இதில் இன்னொன்று. இதே சீசனில் சில மாதங்களுக்கு முன்பு, ஒருபாலினத் திருமணம் செல்லுமா என்று மெக்காய் கோர்ட்டில் வாதாடும் ஒரு எபிசோடு வந்தது. சதர்லின் அந்த அறையிலேயே இருக்கிறார். அவருடைய வாழ்க்கையைப் பற்றி அங்கே அரை வரி வைத்திருந்தால்கூட ஜனவரிக் காட்சிக்கு வேறு எடை வந்திருக்கும். எழுத்தாளர்களுக்கு அப்போது இந்த யோசனையே வந்திருக்காது என்பது என் ஊகம். போகும்போது ஏதாவது பேச்சாக இருக்கட்டும் என்று கடைசியில் ஒட்டவைத்த மாதிரிதான் இருக்கிறது.

அடுத்த வாரமே ஆனி பாரிஸ், அலெக்ஸாண்ட்ரா போர்ஜியா என்ற பெயரில். வழக்கு போலி ஃப்ளூ தடுப்பூசி. 2004 இறுதியில் அமெரிக்காவில் நிஜமாகவே ஃப்ளூ தடுப்பூசிக்குத் தட்டுப்பாடு இருந்தது, அந்தச் சூட்டோடு எழுதியது. போர்ஜியா வந்த அன்றே கோப்பைப் புரட்டி வேலையில் இறங்கிவிடுகிறார். டைட்டிலில் ஒரு முகம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, சுத்தமான கால்ஷீட் பிரச்சினை. ஜெஸ்ஸி எல். மார்ட்டின் 1996-இல் 'ரென்ட்' நாடகத்தின் முதல் பிராட்வே குழுவில் இருந்தவர். அதைப் படமாக எடுத்தபோது அதே வேடத்தில் நடிக்க அழைத்தார்கள். படப்பிடிப்பும் சீசனின் கடைசிப் பகுதியும் மோதின. என்ன செய்வது? 1992-இல் செய்ததையே செய்தார்கள். எட் கிரீன் குண்டடி பட்டு விழுகிறார், சாகவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அந்த நான்கு எபிசோடுகளுக்கு மைக்கேல் இம்பீரியோலி, நிக் ஃபால்கோ என்ற டிடெக்டிவாக வருகிறார். 'தி சொப்ரானோஸ்' தொடரில் கேங்ஸ்டராக எல்லோருக்கும் தெரிந்த முகம், இங்கே போலீஸ் பேட்ஜோடு.

இந்த நான்கு எபிசோடுகளைப் பலர் தாண்டிவிடுவார்கள். எனக்கு இவற்றில்தான் தனி ருசி. ஃபால்கோ நிரந்தரமில்லை என்று நமக்குத் தெரியும், அவரை நமக்குப் பிடிக்கவைக்க யாரும் மெனக்கெடவில்லை. லீவில் போனவர் இடத்தில் இருந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போகிற ஆள். எந்த ஆபீஸிலும் நடக்கிற விஷயம், டிவியில் மட்டும் அபூர்வம். அடுத்த சீசனில் அவரை ஒரே ஒரு தடவை திரும்பக் கொண்டுவருகிறார்கள், அதுவும் கொலை வழக்கில் சந்தேகத்துக்குரியவராக.

ஆள்மாற்றத்தை இந்தத் தொடர் நன்றாகவும் செய்திருக்கிறது என்பதற்கு 18-வது சீசனைச் சொல்வேன். 2008-இல் மார்ட்டின் நிரந்தரமாக விலகியபோது கிரீன் ஒருவரைச் சுட்டுவிட்ட வழக்கில் மாட்டுகிறார். அவரை விசாரிக்க போலீஸ் உள்விசாரணைப் பிரிவிலிருந்து வருகிற கெவின் பெர்னார்டுதான் (ஆன்தனி ஆண்டர்சன்) பிறகு அதே இடத்துக்கு வருகிறார். போகிறவரும் வருகிறவரும் ஒரே எபிசோடில் எதிரெதிரே உட்காருகிறார்கள். சதர்லினுக்கு இப்படி ஒரு எபிசோடு கிடைத்திருக்கலாம்.

15-வது சீசனில் வந்த புதியவர்களும் நிலைக்கவில்லை. 2006 மே மாதம், 16-வது சீசனின் கடைசி எபிசோடில் போர்ஜியாவைக் கடத்திக் கொன்றுவிடுகிறார்கள். ஃபோன்டானாவும் அந்தச் சீசனோடு சரி.

முழு சீசனையும் பார்க்க நேரமில்லை என்பவர்கள் 13, 14 எபிசோடுகளை அடுத்தடுத்துப் பாருங்கள். சதர்லின் போவதும் போர்ஜியா வருவதும் அவற்றில்தான். பிறகு கடைசி நான்கையும் பாருங்கள். அக்காவை அந்த நான்குக்கு உட்காரவைத்தேன். பிரிஸ்கோ இல்லை, கிரீனும் இல்லை. மூன்றாவது எபிசோடின் நடுவில் எழுந்துவிட்டாள், ஆனால் கொலையாளி யார் என்று சமையலறையிலிருந்து கேட்டாள்.